சிவப்புக் கல்லுக்கு அடியில் என்ன இருக்கிறது? ஆங்கிலோ-சாக்சன் பொன்வேலைக்கு ஓர் அறிமுகம்

1939-இல் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில், சட்டன் ஹூ என்ற இடத்தில் ஒரு மண்மேட்டைத் தோண்டினார்கள். சுமார் 27 மீட்டர் நீளக் கப்பலின் தடமும், அதன் நடுவே ஓர் அரசனோடு புதைத்த பொருள்களும் வெளிப்பட்டன. எழுபது ஆண்டு கழித்து, 2009-இல், ஸ்டாஃபோர்ட்ஷையரின் ஹாமர்விச் கிராமத்து வயலில் ஏறத்தாழ 4 கிலோ தங்கமும் 1.7 கிலோ வெள்ளியும் துண்டு துண்டாகக் கிடைத்தன. பெரும்பாலும் வாள்களிலிருந்து பிய்த்தெடுத்த அலங்காரங்கள். இரண்டு புதையல்களும் அன்று இங்கிலாந்தில் வாழ்ந்த ஆங்கிலோ-சாக்சன் மக்களின் 6, 7-ஆம் நூற்றாண்டுக் கைவேலை. ஆரம்ப இடைக்கால வட ஐரோப்பியப் பொன்வேலையைப் புரிந்துகொள்ள இவற்றைவிட நல்ல தொடக்கம் இல்லை.

அருங்காட்சியகக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பவருக்குத் தங்கமும் சிவப்புமாக ஒரு மினுக்கம் மட்டும் தெரியும். அந்த மினுக்கத்துக்குள் எவ்வளவு கணக்கு இருக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரை. அந்தப் பொற்கொல்லர்களுக்குத் தங்கமும் தூரம், கல்லும் தூரம். கையில் இருந்த கொஞ்சத்தை நிறையாகக் காட்டுவதுதான் அவர்கள் தொழில்.

உலோகம்: உருக்கிய காசு

அன்றைய இங்கிலாந்துப் பட்டறைக்கு வந்த தங்கம் பெரும்பாலும் காசாக வந்தது. கான்ஸ்டாண்டிநோபிளில், அதாவது இன்றைய இஸ்தான்புல்லில், அச்சிட்ட சாலிடஸ் என்ற காசு சுமார் 4.5 கிராம், கிட்டத்தட்ட சொக்கத் தங்கம். அங்கிருந்து ஆண்ட பைசாந்தியப் பேரரசர்கள், இன்றைய பிரான்ஸ் பகுதியை ஆண்ட ஃபிராங்க் அரசர்களுக்குப் போர் உதவிக்கும் சமாதானத்துக்கும் கொடுத்த பணம் இந்தக் காசுகளாகவே மேற்கே போனது. ஃபிராங்குகள் அதையே சின்னச் சின்ன ட்ரெமிஸிஸ் காசுகளாக மறுபடி அடித்தார்கள். ஒவ்வொன்றும் ஒன்றரை கிராமுக்கும் குறைவு. சட்டன் ஹூவின் பணப்பையில் இருந்தவை 37 ட்ரெமிஸிஸ், முத்திரை இடாத 3 வில்லைகள், 2 சிறு கட்டிகள்.

அதே கல்லறையில் கிடைத்த பெரிய தங்கக் கொக்கியின் எடை 412.7 கிராம். சாலிடஸ் கணக்கில் பார்த்தால் தொண்ணூறுக்கு மேல், ட்ரெமிஸிஸ் கணக்கில் முந்நூறுக்கு மேல் காசுகளை உருக்கியிருக்க வேண்டும். ஒரு கொக்கிக்கு இது மலைக்க வைக்கும் செலவு. அதனால்தான் இது விதிவிலக்கு. மற்ற நகைகளில் தகடு மெல்லியதாகவே இருக்கும். உள்ளே வெற்றிடமோ, மெழுகும் மணலும் குழைத்த வெறும் களிம்போ.

7-ஆம் நூற்றாண்டு நகர நகரக் கிழக்கிலிருந்து வரும் புதுத் தங்கம் வற்றியது. ஃபிராங்க் காசுகளில் வெள்ளி கலந்துகொண்டே போனார்கள். மாற்று (தங்கத்தின் தூய்மை) குறைந்த காசை உருக்கினால் மாற்றுக் குறைந்த நகைதான் வரும். ஆகவே இந்த நகைகளின் தங்கம் எவ்வளவு வெளிறியிருக்கிறது என்பது காலத்தைக் கணிக்க ஒரு துப்பு. ஆனால் மேற்பரப்பை மட்டும் பார்த்து முடிவுக்கு வந்துவிடக் கூடாது. அதற்கான காரணம் பிறகு வருகிறது.

அறை கட்டிக் கல் பதிப்பது

இந்தக் காலத்தின் அடையாள வேலை இதுதான். ஒரு தகட்டின் மேல் மெல்லிய பட்டைகளை நிறுத்திச் சின்னச் சின்ன அறைகள் கட்டி, ஒவ்வோர் அறைக்குள்ளும் அதே வடிவத்தில் அறுத்த சிவப்புக் கார்னெட் கல்லை இறக்குவது. க்ளுவாசொனே என்பார்கள், நாம் அறைப்பதிப்பு என்போம்.

ஓர் அறையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் கீழிருந்து மேலாக இந்த அடுக்கு தெரியும்: அடித்தகடு, களிம்பு, கோடு பதித்த தங்க இழைத்தகடு, கார்னெட் பலகை. சுற்றிலும் சுவர். கண்ணுக்குத் தெரிவது கடைசி அடுக்கும் சுவரின் மேல்விளிம்பும் மட்டுமே.

முதலில் கல். இது பெரும்பாலும் அல்மண்டைன் வகைக் கார்னெட். நவரத்தினத்தில் வரும் கோமேதகமும் இதே குடும்பம்தான், நிறம்தான் வேறு. அல்மண்டைனில் இரும்பு அதிகம். அதனால் கனமான துண்டாக வைத்தால் கறுப்பாகத் தெரியும். ஒரு மில்லிமீட்டர் அளவுக்குப் பலகையாகத் தேய்த்தால்தான் ஒளி உள்ளே போய்ச் சிவப்பாகத் திரும்பும். தட்டையாக்கியது கல்லை மிச்சம் பிடிக்க மட்டும் என்று நினைக்க வேண்டாம், நிறமே அதில்தான் பிறக்கிறது.

5, 6-ஆம் நூற்றாண்டுகளில் மேற்கு ஐரோப்பா பயன்படுத்திய கார்னெட்டில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போனது. கல்லில் உள்ள இரும்பு, மக்னீசியம், கால்சியம், குரோமியம் ஆகியவற்றின் விகிதத்தையும், உள்ளே சிக்கியிருக்கும் நுண்கனிமங்களையும் அளந்து இதைக் கண்டுபிடித்தார்கள். புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டின் மணிப் பட்டறைகளுக்குத் தெலங்கானாவின் கரீப்பேட்டைக் கார்னெட் போனது உறுதியானதும் இதே வகைச் சோதனையால்தான். 7-ஆம் நூற்றாண்டில் பொஹீமியாவிலிருந்து, அதாவது இன்றைய செக் நாட்டிலிருந்து, வரும் கற்கள் கூடுகின்றன. அவை அளவில் சிறியவை. பெரிய பலகை கிடைக்காதபோது அறைகளும் சிறுத்துப் போகும்.

கார்னெட்டின் கடினம் மோஸ் அளவுகோலில் 7 முதல் 7.5. சாதாரண மணலைக் கொண்டு தேய்ப்பது பெரும்பாடு. குருந்தக்கல் தூள் வேண்டும். நேர்க்கோடு, வெளிவளைவு எல்லாம் தட்டையான தேய்ப்புக் கல்லிலேயே வந்துவிடும். ஆனால் ஆங்கிலோ-சாக்சன்களுக்குப் படிக்கட்டு வடிவம் மிகப் பிடிக்கும். படிக்கட்டில் உள்மூலை உண்டு. அந்த உள்மூலையைச் சுழலும் மெல்லிய சக்கரத்தின் விளிம்பு இல்லாமல் சுத்தமாக எடுப்பது கடினம். கல் உடைவதும் அங்கேதான்: கார்னெட் கண்ணாடிபோலச் சிப்பி வடிவில் தெறிக்கும், முனை ஒன்று போனால் அந்தப் பலகையை இன்னும் சின்ன வடிவத்துக்குத் தேய்த்துக்கொள்ள வேண்டியதுதான். லிங்கன்ஷையரின் டேட்டர்ஷல் தார்ப்பில் கிடைத்த 7-ஆம் நூற்றாண்டுக் கொல்லரின் கல்லறையில் சுத்தியல், பட்டடை, குறடு, கத்திரியோடு கார்னெட், கண்ணாடி, உலோகத் துண்டுகளும் இருந்தன. எதையும் எறியாத தொழில்.

அடுத்து, ஒளியின் ரகசியம். கல்லுக்கு அடியில் தலைமுடியைவிட மெல்லிய தங்க இழைத்தகடு கிடக்கிறது. அது வழவழப்பானதாக இருந்தால் கண்ணாடிபோல ஒரே திசையில் ஒளியைத் திருப்பும். நேராகப் பார்த்தால் பளிச், சற்று நகர்ந்தால் இருட்டு. அதனால் அதில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு பதித்தார்கள். வெண்கல அச்சு ஒன்றில் மில்லிமீட்டருக்கு மூன்று நான்கு கோடுகள் என்ற நெருக்கத்தில் கட்டம் கட்டமாக வெட்டி, இழைத்தகட்டை அதன்மேல் வைத்து அழுத்தினால் ஆயிரம் சின்னச் சரிவுகள் பதியும். ஒவ்வொரு சரிவும் வேறு கோணத்தில் ஒளியைத் திருப்பும். அணிந்தவர் அசைந்தால், அல்லது விளக்குச் சுடர் ஆடினால், கல்லுக்குள் தணல் ஊதியதுபோல ஓடும். பகல் வெளிச்சத்துக்கு அல்ல, அடுப்பு எரியும் மரக்கூடத்துக்கு என்று செய்த நகை இது. மின்விளக்கில் அசையாமல் வைத்த அருங்காட்சியகப் பெட்டியில் பாதி அழகு போய்விடுகிறது.

சில இழைத்தகடுகளில் கட்டத்துக்குள் கட்டம் என்று இன்னொரு வகையும் உண்டு. ஒரு பெரிய சதுரத்துக்குள் மூன்றுக்கு மூன்று அல்லது நான்குக்கு நான்கு சிறு சதுரங்கள். உருப்பெருக்கியில்லாமல் இதை வெட்டியவர் கண்ணை நினைத்துப் பாருங்கள்.

இழைத்தகட்டுக்குக் கீழே உள்ள களிம்பு தேன்மெழுகு, சுண்ணாம்பு, மணல் போன்றவற்றின் கலவை. வேலை இரண்டு: அறையின் ஆழத்தை நிரப்பிக் கல்லைச் சுவரின் மேல்மட்டத்துக்குத் தூக்குவது, மெல்லிய இழைத்தகடு அமுங்காமல் தாங்குவது. களிம்பு அதிகமானால் கல் துருத்தும். குறைந்தால் உள்ளே ஆடும், ஆடும் கல் இழைத்தகட்டைத் தேய்த்துக் கோட்டை அழித்துவிடும். நூற்றாண்டுகள் மண்ணுக்குள் ஈரம் ஏறினால் களிம்பு சுருங்கி உதிர்கிறது. இன்று காலியாகத் தெரியும் அறைகளில் பல இப்படித்தான் கல்லை இழந்தவை.

சுவரைப் பற்றவைப்பது

கடினமான கட்டம் இதுதான். சுவர்ப் பட்டையின் கனம் கால் மில்லிமீட்டர் அளவு. அடித்தகடு அதைவிடக் கனம், பரப்பும் பெரியது. ஊதுகுழலால் தணலை ஊதிச் சூடேற்றும்போது மெல்லிய சுவர் முதலில் சூடாகும், தகடு பின்தங்கும். தகடு பற்றும் சூட்டுக்கு வருவதற்குள் சுவர் உருகிக் கூனிவிடும். ஆகவே கீழிருந்தும் சூடு வர வேண்டும்; முழுத் தகட்டையும் தணலில் ஏற்றிவைத்து மேலே மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக ஊத வேண்டும்.

உலோகப் பொடியை வைத்துப் பற்றவைப்பது இன்று வழக்கம். நூற்றுக்கணக்கான அறைகளில் அப்படிச் செய்தால் உருகிய பொடி மூலைகளில் தேங்கும். தேங்கிய இடத்தில் கல் சரியாக உட்காராது. அன்றைய நேர்த்தியான வேலையில் தேங்கலே தெரிவதில்லை. காரணம், செம்பு உப்பை வைத்துப் பற்றவைக்கும் முறை. மலக்கைட் போன்ற பச்சைச் செம்புக் கனிமத்தைத் தூளாக்கி, பிசினில் குழைத்து, அந்தப் பசையாலேயே சுவரைத் தகட்டில் ஒட்டிவிடுவார்கள். ஒட்டும் பசையே பற்றவைக்கும் பொருளும் ஆகிறது.

சூடேறும்போது நடப்பது இது: நீர் போய்ச் செம்பு உப்பு ஆக்சைடாக மாறும். 600 டிகிரி செல்சியஸ் அளவில் பிசின் கரியாகும். 850 அளவில் அந்தக் கரி ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ள, தொடும் இடத்தில் மட்டும் கொஞ்சம் செம்பு மிஞ்சும். தங்கம் தனியாக உருக 1064 டிகிரி வேண்டும், செம்புக்கு 1085. ஆனால் இரண்டும் கலந்த இடம் சுமார் 880 முதல் 900 டிகிரியிலேயே இளகும். தொட்ட இடம் மட்டும் ஒரு நொடி ஈரம்போலப் பளபளக்கும். அந்த நொடியில் ஊதுவதை நிறுத்த வேண்டும். தப்பினால் மொத்த வேலையும் குழம்பாகிவிடும். பண்டைய இத்தாலியின் எட்ரஸ்கன் மக்கள் நுண்ணிய தங்க மணிகளைத் தகட்டில் ஒட்டிய ரவை வேலையின் புதிரை அவிழ்க்கும் முயற்சியில் இங்கிலாந்தின் லிட்டில்டேல் என்பவர் 1930-களில் இந்த வேதியியலை மீண்டும் கண்டறிந்து காப்புரிமை பெற்றார்.

வெப்பமானி கிடையாது, நிறம்தான் அளவு. தங்கம் மங்கிய சிவப்பிலிருந்து ஆரஞ்சுக்கு மாறுவதைப் பார்க்க அரையிருட்டு வேண்டும். உலோகம் கறுக்காமல் காக்க நம் பட்டறையில் வெண்காரம் போடுவோம். 12-ஆம் நூற்றாண்டில் தியோஃபிலஸ் என்ற துறவி எழுதிவைத்த குறிப்பில், பீச் மரச் சாம்பல் காரநீரும் கொழுப்பும் சேர்ந்த சவர்க்காரத்தோடு சுட்ட செம்பைக் குழைக்கச் சொல்லியிருக்கிறது. அவர் காலம் பிந்தியது, ஆனாலும் செம்பு உப்பு முறை வடக்கே உயிரோடு இருந்ததற்கு இது சான்று.

ஒரு விதியை இங்கே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்: பற்றவைப்பு எல்லாம் முடிந்த பிறகுதான் கல். மெழுகுக் களிம்பு சூட்டில் ஓடிவிடும், கல்லும் வெடிக்கலாம். கம்பி வேலை, விளிம்பு, பின்புற வளையம் எல்லாம் முன்னாலேயே பற்றவைத்து, ஆறவிட்டு, சுத்தம் செய்து, கடைசியில் களிம்பு, இழைத்தகடு, கல். பிறகு சுவரின் மேல்விளிம்பை மழுக்குக் கருவியால் இம்மியளவு கல்லின்மேல் சாய்த்து அழுத்தினால் கல் பிடித்துக்கொள்ளும்.

சட்டன் ஹூவின் தோள்பட்டைக் கொக்கிகளில் இன்னொரு தந்திரம் உண்டு. சில அறைகளைக் கல்லுக்குப் பதில் தங்க மூடியால் அடைத்துவிட்டார்கள். சிவப்புக்கு நடுவே வெறும் தங்கப் பரப்பு வருவதால்தான் பன்றி உருவங்கள் பின்னணியிலிருந்து பிரிந்து தெரிகின்றன. நடுவே சதுரங்கக் கட்டம்போல நீலமும் வெள்ளையுமாக இருப்பவை பல நிறக் கண்ணாடிக் கோல்களைச் சேர்த்து உருக்கிக் குறுக்கே அரிந்த வில்லைகள். இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் 1771-இல் கிடைத்த கிங்ஸ்டன் புரோச்சில் (புரோச் என்பது ஆடையில் குத்தும் ஊசி நகை), சுமார் எட்டரை சென்டிமீட்டர் வட்டத்துக்குள், கார்னெட்டோடு நீலக் கண்ணாடியும் வெண்சங்கும் கம்பி வேலையும் சேர்ந்து நிற்கின்றன. முன்தகட்டுக்கும் பின்தகட்டுக்கும் இடையே இருப்பது களிம்பு. கட்டித் தங்கம் என்று நினைத்துத் தூக்குபவர் ஏமாறுவார்.

மணிக்கம்பி

கம்பி வேலையைப் பொறுத்தவரை நம் ஊர் ஆசாரிக்கு முதலில் உறுத்துவது கம்பியச்சு இல்லாமை. துளைத் தகட்டில் இழுத்துக் கம்பி செய்யும் வழக்கம் வடக்கே வைக்கிங் காலத்தில்தான் (8-ஆம் நூற்றாண்டின் இறுதிமுதல்) பரவியது. அதற்கு முன் தகட்டிலிருந்து மெல்லிய பட்டையை வெட்டி, கெட்டியாக முறுக்கி, இரண்டு தட்டையான பரப்புகளுக்கு நடுவே உருட்டினார்கள். இப்படிச் செய்த கம்பியில் திருகு சுற்றியதுபோல மெல்லிய மடிப்புக்கோடு ஓடும். உருப்பெருக்கியில் அது தெரிந்தால் இழுத்த கம்பி அல்ல என்று சொல்லிவிடலாம். போலி நகையைப் பிடிக்க இது ஒரு நல்ல வழி.

கம்பியை மணிக்கோவைபோல ஆக்குவது அடுத்த படி. இணையாக இரண்டு விளிம்புள்ள கருவியைக் கம்பியின்மேல் வைத்து முன்னும் பின்னும் உருட்டினால், விளிம்பு பட்ட இடம் பள்ளமாகி நடுப்பகுதி மணியாகப் பிதுங்கும். ஒரு விளிம்பைச் சற்றுமுன் வெட்டிய பள்ளத்தில் உட்காரவைத்து அடுத்ததை வெட்டினால் இடைவெளி மாறாது. ஒற்றை விளிம்பால் வெட்டினால் ஒரு மணி பெருத்தும் ஒரு மணி சிறுத்தும் வரும். அழுத்தம் கூடினால் கம்பி அறும்.

ஸ்டாஃபோர்ட்ஷையர் வாள்களின் கைப்பிடிக் குமிழ்களில் ஒன்றையொன்று கவ்விப் பின்னும் பாம்பு, விலங்கு உருவங்கள் எல்லாம் இப்படிப்பட்ட கம்பிகள்தான். நடுவில் ஒரு தடித்த மணிக்கம்பி, இருபுறமும் இரண்டு மெல்லியவை என்பது அடிக்கடி வரும் அமைப்பு. பற்றவைக்கும் பசை கொஞ்சம் கூடினாலும் மணிகளுக்கு இடையே உலோகம் ஓடி நிரம்பி, மணிக்கம்பி மொட்டைக் கம்பியாகிவிடும். இதே வேலையின் உச்சத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ஸ்வீடனின் ஓலெபெர்க் தங்கக் கழுத்தணியைப் பாருங்கள். 1827-இல் கிடைத்தது, 5-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, மூன்று குழாய்களுக்கு நடுவே நுண்ணிய உருவங்கள் வரிசையாக நிற்கும்.

இப்போது மேற்பரப்பு விஷயம். ஸ்டாஃபோர்ட்ஷையர் தங்கத்தைச் சோதித்தபோது பல துண்டுகளில் மேல்தோலில் மட்டும் வெள்ளி குறைவாகவும் உள்ளே அதிகமாகவும் இருந்தது. மண்ணுக்குள் கிடந்ததால் மட்டும் வந்த மாற்றம் இல்லை, வேண்டுமென்றே செய்தது. மேற்பரப்பில் உள்ள வெள்ளியை உப்பு சேர்ந்த கலவையால் தின்னவைத்தால் சில மைக்ரான் கனத்துக்கு மாற்றுக் கூடிய மஞ்சள் தோல் மிஞ்சும். பல நகைகளில் பின்னணித் தகட்டுக்கு இதைச் செய்து, மேலே ஓடும் கம்பியை வெளிறிய நிறத்திலேயே விட்டிருக்கிறார்கள். மஞ்சள் தரையில் வெளிர்க் கம்பி என்றால் சித்திரம் எடுத்துக்காட்டும். ஆக, உரைகல்லில் லேசாக உரசியோ மேற்பரப்பை மட்டும் அளந்தோ மாற்றுச் சொன்னால் ஏமாந்துபோவோம்.

தங்கம் தீர்ந்தபோது

670-களில் இங்கிலாந்தின் தங்கக் காசு வெள்ளிக் காசுக்கு இடம்விட்டது. நகையும் வெள்ளிக்கு மாறியது. வெள்ளியும் வெண்கலமும் களிமண் அச்சில் வார்ப்பதற்கு இணக்கமானவை; அச்சில் வரும் மேடு பள்ளங்களே சித்திரமாயின. தங்க நிறத்துக்கு ரசமுலாம்.

ரசமுலாம் முன்பிருந்தே இருந்த முறை. ஒரு பங்கு தங்கத்துக்கு ஏழெட்டுப் பங்கு பாதரசம் சேர்த்து வெண்ணெய்போலக் குழைத்து, தோலில் வைத்துப் பிழிந்து மிகை ரசத்தை எடுத்துவிட்டு, சுத்தமான பரப்பில் தேய்ப்பார்கள். பிறகு தணலில் காட்டினால் ரசம் ஆவியாகும் (அதன் கொதிநிலை 357 டிகிரி). தங்கம் சொரசொரப்பான படலமாகத் தங்கும். மெருகுக்கல்லால் தேய்த்தால்தான் பளபளப்பு வரும். அடியில் உள்ளது ஈயம் கலந்த வெண்கலமானால் படலம் திட்டுத் திட்டாகிவிடும். வெள்ளியோ தூய செம்போ நல்லது. அந்த ஆவி நஞ்சு, மூச்சில் போனால் நரம்பைத் தின்னும்.

நுண்ணிய கறுப்புக் கோடுகள் தெரிந்தால் அது நீயெல்லோ. உலோக சல்ஃபைடை வெட்டிய பள்ளத்தில் நிரப்பி, சூட்டில் இளக்கி, தேய்த்துச் சமன் செய்வது. எந்த சல்ஃபைடு என்பதைப் பொறுத்து வேலை மாறும். வெறும் வெள்ளி சல்ஃபைடு உருகி ஓடுவதற்குள் சிதைந்துவிடும். 600 டிகிரி அளவில் மெத்தென்று ஆனதும் பள்ளத்துக்குள் அழுத்தித் திணிக்க வேண்டும். செம்பு கலந்தால் இளகும் சூடு குறையும். ஈயமும் சேர்த்தால் 450 டிகிரிக்கும் கீழேயே நீராக ஓடும், வேலை மிகச் சுலபம். ஆனால் ஈயம் சேர்க்கும் வழக்கம் ஐரோப்பாவில் 11-ஆம் நூற்றாண்டை ஒட்டித்தான் வருகிறது.

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள ஃபுல்லர் புரோச், ஐம்புலன்களையும் மனித உருவங்களாகக் காட்டும் 9-ஆம் நூற்றாண்டு வெள்ளி நகை. இவ்வளவு நல்ல நிலையில் இருக்கிறதே என்று நெடுநாள் அதைப் போலி என்றே ஒதுக்கியிருந்தார்கள். அது பழையதுதான் என்று நிறுவ உதவியது அதன் பள்ளங்களில் இருந்த கறுப்புப் பொருளின் சோதனை: அது ஈயம் சேராத பழைய வகை நீயெல்லோ.